மீனுக்கு எந்த ராஜ்யம்?

சோரியாங்குப்பம் என்ற ஊரைப் பெரிய சரித்திரப் புத்தகங்களில் தேடினால் அகப்படுவது அரிது. புதுச்சேரிக்குத் தெற்கே, பாகூர்க் கொம்யூனில், தென்பெண்ணையாற்றின் வடகரையில் இருக்கும் சிற்றூர் அது. ஆற்றைக் கடந்தால் கடலூர்ச் சீமை. அடுத்துள்ள பாகூருக்காவது 1752-ஆம் ஆண்டில் ஸ்ட்ரிங்கர் லாரன்ஸின் படை பிரெஞ்சுப் படையை முறியடித்த இடம் என்று ஒரு கீர்த்தி உண்டு. அதற்கும் முன்னால், ஒன்பதாம் நூற்றாண்டில் நிருபதுங்கவர்ம பல்லவன் காலத்தில், அங்கே இருந்த வித்தியாஸ்தானத்துக்கு மூன்று கிராமங்களைக் கொடுத்த செப்பேடும் உண்டு. சோரியாங்குப்பத்துக்கு இந்தப் பாக்கியங்கள் எதுவும் இல்லை. அங்கே அரசன் யானை மேல் வரவில்லை. தளபதி கூடாரம் அடித்ததாகவும் யாரும் சொல்லவில்லை.

ஆயினும் இந்திய சரித்திரத்தின் ஒரு வேடிக்கையான கேள்வியை எழுப்புவதற்கு இதைவிடப் பொருத்தமான ஊர் எனக்குத் தெரியவில்லை. கேள்வி இதுதான்: ஆற்றில் ஓடுகிற மீன் யாருடையது?

நிலத்துக்கு எல்லைக் கல் நடலாம். மாட்டுக்குச் சூடு போட்டு அடையாளம் வைக்கலாம். மரத்துக்குப் பட்டா எழுதலாம். மீனை என்ன செய்வது? காலையில் வடகரை ஓரம் மேய்ந்த கெண்டை மத்தியானம் தென்கரை நாணலுக்குள் இருக்கும். 1947 வரையில் தென்கரையில் பறந்தது இங்கிலீஷ் கொடி. 1954 வரையில் வடகரையில் பறந்தது பிரெஞ்சுக் கொடி. கெண்டைக்குக் கொடியும் தெரியாது, பாஷையும் தெரியாது. ஆனால் அதைப் பிடிக்கிறவனுக்கு இரண்டும் தெரிந்திருக்க வேண்டியிருந்தது.

மீன்பிடிப்பை சர்க்கார் கட்டுப்படுத்துவது வெள்ளைக்காரன் கொண்டு வந்த புதுமை என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது சரியல்ல. கௌடில்யரின் அர்த்த சாஸ்திரத்தில், அணை கட்டித் தேக்கிய நீர்நிலைகளிலுள்ள மீனும், ஓடத்துறையும், நீரில் விளையும் கீரையும் அரசனுக்கு உரியவை என்று சொல்லியிருக்கிறது. மீன் பிடிக்கிறவர்கள் பிடித்ததில் ஆறில் ஒரு பங்கை ஓடக்கூலியாகக் கொடுக்க வேண்டும். அபயம் அளிக்கப்பட்ட வனங்களில் மானையோ பறவையையோ மீனையோ கொன்றவனுக்குப் பெருந்தண்டம். சாணக்கியர் தண்ணீருக்குள்ளும் கணக்குப்பிள்ளையை அனுப்பியவர்!

அசோகச் சக்கரவர்த்தி இன்னும் ஒரு படி மேலே போனார். பட்டம் சூட்டிக்கொண்டு இருபத்தாறு ஆண்டுகள் ஆன பின்பு அவர் வெளியிட்ட ஐந்தாம் தூண் சாசனத்தில் கொல்லக்கூடாத உயிர்களின் பட்டியல் ஒன்று இருக்கிறது. அதோடு சில திதிகளில் மீனைக் கொல்லவும் கூடாது, விற்கவும் கூடாது என்று கட்டளையிட்டிருக்கிறார். அந்த நாட்களில் யானைக் காடுகளிலும், 'கேவட போகம்' என்று அவர் குறிப்பிடும் மீனவர் காப்பு நீர்களிலும், பிற உயிர்களையும் கொல்லக்கூடாது. மீனவர்களுக்கென்று ஒதுக்கிய நீர், அதில் சில நாட்கள் விலக்கு. இன்றைய சர்க்கார் கெஜட்டில் வரும் விஷயம் இரண்டாயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே கல்லில் பொறிக்கப்பட்டுவிட்டது.

வடநாட்டுக் கதை இருக்கட்டும். நம் தமிழ்நாட்டில் என்ன நடந்தது? கல்வெட்டுகளில் வருகிற வரிப் பெயர்களைப் படித்துக்கொண்டு போனால் 'பாசிப் பாட்டம்' என்ற ஒரு சொல் வரும். ஏரியில் மீன் பிடிக்கும் உரிமைக்காகக் கொடுத்த பாட்டம் அது. சோழர் போனார்கள், விஜயநகரத்தார் போனார்கள், நாயக்கர் போனார்கள், நவாப் போனார். அந்தச் சொல் போகவில்லை. இன்றைக்கும் ஏரியை ஏலம் விடுகிறபோது 'மீன் பாசிக் குத்தகை' என்றுதான் விளம்பரம் செய்கிறார்கள். ஆயிரம் ஆண்டாக ஒரு வரிப் பெயர் ஜனங்களின் வாயில் உயிரோடு இருக்கிறதென்றால், அதற்குப் பின்னால் வரியைத் தவிர வேறு ஏதோ ஒன்று இருக்க வேண்டும்.

என்ன அது? ஏரி மீனில் கிடைத்த வருவாயை அந்த ஏரியைத் தூர்வாரவும் கரையைப் பலப்படுத்தவும் செலவிட வேண்டும் என்று ஏற்பாடு செய்த சாசனங்கள் உண்டு. இந்த ஏற்பாட்டின் அழகை எண்ணிப் பாருங்கள். ஏரி மேடிட்டால் தண்ணீர் நிற்காது; தண்ணீர் நிற்காவிட்டால் மீன் கிடையாது; மீன் இல்லாவிட்டால் பாட்டம் இல்லை; பாட்டம் இல்லாவிட்டால் தூர்வாரப் பணம் இல்லை. சக்கரத்தின் ஒரு பல் உடைந்தால் மற்றவையும் நின்றுவிடும். ஆகையால் மீனைக் காப்பதில் மீன் தின்னாத பிராமணருக்கும் அக்கறை இருந்தது. உழவனுக்கும் அக்கறை இருந்தது. உத்தரமேரூரில் முதற் பராந்தகன் காலத்தில் 919-லும் 921-லும் வெட்டிய புகழ்பெற்ற கல்வெட்டுகளில் ஏரி வாரியம் என்று ஒரு தனிக் குழு வருகிறதல்லவா? நீரும் மீனும் மண்ணும் ஒரே கணக்கில் இருந்த காலம் அது.

எழுதாத சட்டங்களும் இருந்தன. மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கங்களில் மீன்பிடித் திருவிழா என்று ஒன்று இன்றும் நடக்கிறது. கோடையில் கண்மாய்த் தண்ணீர் வற்றி வருகிற சமயத்தில் ஊர்ப் பெரியவர்கள் ஒரு நாளைக் குறிப்பார்கள். அதுவரையில் யாரும் வலையோடு கண்மாயில் இறங்கக் கூடாது. அன்று விடியற்காலையில் சுற்று வட்டாரத்து ஜனங்கள் எல்லாரும் வலையும் பறியும் கூடையுமாகக் கரையில் வந்து நிற்பார்கள். பெரியவர் சாமி கும்பிட்டுவிட்டு வெள்ளைத் துண்டை எடுத்து வீசுவார். அவ்வளவுதான்! கரையில் நின்ற கூட்டம் தண்ணீருக்குள்ளே. பிடித்தது பிடித்தவனுக்கு. விலைக்கு விற்காமல் வீட்டுக்கு வீடு குழம்பு வைப்பது சம்பிரதாயம்.

பார்க்கிறவர்களுக்கு இது வெறும் கொண்டாட்டம். சட்டம் படித்தவர்கள் பார்த்தால் இதில் விலக்குப் பருவம் இருக்கிறது, பொது உரிமை இருக்கிறது, எப்படியும் வற்றப் போகிற தண்ணீரில் எப்படியும் சாகப் போகிற மீனை வீணாக்காத புத்தி இருக்கிறது. துண்டை வீசுகிறவர் கையில் துப்பாக்கி இல்லை. ஆனாலும் அவர் வீசும் வரையில் ஆயிரம் பேர் காத்து நிற்கிறார்கள். ஏன்? காத்திருந்தால் தனக்கும் பங்கு உண்டு என்று ஒவ்வொருவனுக்கும் தெரியும்.

கோவில் படித்துறைகள் இன்னொரு வகை. பாபநாசத்தில் தாமிரபரணிப் படித்துறையிலும், துங்கைக் கரையில் சிருங்கேரியிலும், பொரிக்காக வாயைத் திறந்துகொண்டு வரும் மீன் கூட்டத்தை யாத்திரிகர்கள் பார்த்திருப்பார்கள். அங்கே தூண்டில் போட ஒருவருக்கும் துணிவு வராது. பயம் தெய்வத்தினிடம், பலன் ஆற்றுக்கு. பெரிய தாய் மீன்கள் பத்திரமாக வாழ்ந்து முட்டையிட ஒரு மடு கிடைத்துவிட்டால், ஆற்றில் மேலும் கீழும் வலை வீசுகிறவர்களுக்கும் குஞ்சுகள் போய்ச் சேருகின்றன.

இனிக் கடல் கடந்து பிரான்சுக்குப் போய் வருவோம். சோரியாங்குப்பத்தை ஆண்டது அந்த நாடல்லவா? பதினான்காம் லூயி மன்னரின் மந்திரி கொல்பேர், 1669-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் காடுகளுக்கும் நீர்நிலைகளுக்குமாக ஒரு பெரிய சட்டத்தைச் செய்தார். மீன் முட்டையிடும் பருவத்தில் விலக்கு, வலைகளுக்கு விதி, குஞ்சு மீனைத் திரும்பத் தண்ணீரில் விடவேண்டும் என்ற நிபந்தனை எல்லாம் அதில் உண்டு. இவற்றையெல்லாம்விட என் மனத்தைக் கவர்ந்தது வேறொரு பிரிவு. ஆறுகளில் சுண்ணாம்பையும், எட்டிக் கொட்டையையும், 'லெவாந்துக் கொட்டை'யையும் போடக்கூடாது. போட்டால் உடல் தண்டனை என்கிறது அது.

லெவாந்துக் கொட்டை என்பது என்ன? நம் மலைப் பக்கங்களில் கிடைக்கிற காக்கைக்கொல்லி விதைதான்! மலையாளக் கரையிலிருந்து அராபியர் கப்பலில் ஏறி, கிழக்கு மத்தியதரைக் கடல் துறைமுகங்கள் வழியாக ஐரோப்பாவுக்குப் போனதால் லெவாந்து என்று பட்டம் பெற்றது. எட்டியும் நம் ஊர் மரம். ஆக, பிரான்சுவா மர்த்தேன் 1674-ல் புதுச்சேரியில் வந்து குடியேறுவதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பே, நம் நாட்டு விதைகள் பிரெஞ்சு தேசத்து ஆறுகளில் குற்றவாளிகளாகிவிட்டன. நாம் அவர்களுக்கு நஞ்சை ஏற்றுமதி செய்தோம். அவர்கள் அதற்குச் சட்டம் செய்தார்கள். உலகம் அந்தக் காலத்திலேயே அவ்வளவு சுருங்கித்தான் இருந்தது.

இங்கிலீஷ் சீமையில் கதை வேறு விதமாகத் தொடங்குகிறது. தமிழ்நாட்டில் அந்தக் கதையின் முதல் பாத்திரம் ஸர் ஆர்தர் காட்டன். கொள்ளிடத்தில் முக்கொம்பு மேலணையையும் கீழே அணைக்கரையையும் 1836-ல் கட்டியவர். 1852-ல் முடிந்த கோதாவரி அணையும் அவர் கைவண்ணம். டெல்டா விவசாயி அவரைக் கையெடுத்துக் கும்பிட்டான். ஆனால் ஆற்றில் இன்னொரு குடியானவன் இருந்தான். அவன் பெயர் உல்லம்.

உல்லம் என்றால் வங்காளிகள் உயிரை விடுகிற இலிசா மீன்தான். கடலில் வாழும், ஆற்றில் புது வெள்ளம் வந்தால் முட்டையிடுவதற்காக நீரை எதிர்த்து மேலே ஏறும். அணை குறுக்கே நின்றால் என்ன செய்யும்? சுவரில் முட்டிக்கொண்டு கீழேயே கூட்டம் கூட்டமாகத் தங்கும். வலைக்காரனுக்குக் கொண்டாட்டம், நாலைந்து வருஷத்தில் மீனுக்குத் திண்டாட்டம். இந்த அணைகளால் மீன் வளத்துக்குத் தீங்கு வருகிறதா என்று 1867-ல் சீமை அதிகாரிகளுக்கு எழுதிக் கேட்டவர் வேறு யாருமில்லை, காட்டன் துரையேதான். தான் கட்டியதைத் தானே சந்தேகிக்கிற எஞ்சினீயர் எந்தக் காலத்திலும் அபூர்வம். இந்த ஒரு கடிதத்துக்காகவும் அவருக்கு ஒரு மாலை போடலாம்.

அந்தக் கேள்வியை விசாரிக்க அமர்த்தப்பட்டவர் பிரான்சிஸ் டே. சென்னைப் பட்டாளத்தில் டாக்டராக இருந்தவர். நோயாளிகளைப் பார்த்த நேரம் போக மீன்களைப் பார்த்துக்கொண்டிருந்த மனிதர். மலபார் மீன்களைப் பற்றி 1865-லேயே புத்தகம் எழுதியிருந்தார். பிற்பாடு இந்திய சர்க்காரின் மீன்வள இன்ஸ்பெக்டர் ஜெனரலானார். அவருடைய பெரிய மீன் நூலில் ஒவ்வொரு மீனுக்கும் லத்தீன் பெயரோடு ஊர்ப் பெயர்களும் இருக்கின்றன; உல்லமும் அங்கே தமிழ்ப் பெயரோடேயே உட்கார்ந்திருக்கிறது.

டே ஊர் ஊராகச் சுற்றினார். கலெக்டர்களுக்கும் தாசில்தார்களுக்கும் கேள்விகள் அனுப்பினார்: உங்கள் பக்கத்தில் வலையின் கண் எவ்வளவு சிறியது? குஞ்சு மீனைப் பிடிக்கிறார்களா? ஆற்றை அடைத்துப் பொறி வைக்கிறார்களா? நஞ்சு கலக்கிறார்களா? இவற்றையெல்லாம் தொகுத்து 1873-ல் இந்தியா, பர்மா நன்னீர் மீன்களைப் பற்றி அறிக்கை வெளியிட்டார். சுதேச ராஜாக்கள் காலத்தில் குத்தகைக்கு விட்டுக் கட்டுப்பாட்டில் வைத்திருந்த நீர்களில், கம்பெனி ஆட்சி வந்த பிறகு யாரும் எதையும் எப்படியும் பிடிக்கலாம் என்றாகிவிட்டது. அதனால் மீன் குறைகிறது என்பது அவருடைய கட்சி. வலைக் கண்ணுக்கு அளவு வேண்டும், விலக்குக் காலம் வேண்டும், ஆற்றில் நிலையாக நாட்டும் பொறிகளைத் தடுக்க வேண்டும், அணைகளில் மீன் ஏறுவதற்கு வழி விட வேண்டும் என்றார். தென் கன்னடத்தில் கலெக்டராக இருந்த ஹென்றி சலிவன் தாமஸும் ஏறக்குறைய இதே காலத்தில் இதே பாட்டைப் பாடினார். தாமஸ் தூண்டில் பைத்தியம். அது பற்றிப் பெரிய புத்தகமே எழுதியவர்.

இரண்டு துரைமார் சொல்லியும் சட்டம் உடனே வரவில்லை. இருபத்து நான்கு ஆண்டுகள் ஆயின! காரணம் சோம்பல் மட்டும் என்று சொல்ல முடியாது. சட்டம் செய்தால் அதை நடத்த ஆள் வேண்டும். ஆள் என்றால் போலீஸ் சேவகன். ஆற்றங்கரையில் கஞ்சிக்கு மீன் பிடிக்கிற ஏழையின் வலையை அளக்கிறேன் என்று அவன் வந்து நின்றால் என்ன ஆகும்? வலைக் கண் பெரிதாகுமோ ஆகாதோ, சேவகனின் பை பெரிதாகும். இந்த அச்சத்தை அன்றைய அதிகாரிகளில் பலரே வெளியிட்டார்கள். அவர்கள் அச்சப்பட்டது நியாயம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. டே சொன்னதும் நியாயம்தான். மீன் குறைகிறது என்பதும் உண்மை. ஏழையிடம் இருக்கிற கடைசிப் பாத்தியதை அந்த வலை என்பதும் உண்மை. நாவலாசிரியனுக்கு இத்தகைய வழக்கு பிடிக்கும், நீதிபதிக்குத்தான் கஷ்டம்.

கடைசியில் 1897-ஆம் ஆண்டின் நான்காவது சட்டமாக இந்திய மீன்வளச் சட்டம் வந்தது. மிகச் சிறிய சட்டம். வெடி வைத்து மீனைக் கொன்றால் இரண்டு மாதம் வரையில் சிறை அல்லது இருநூறு ரூபாய் வரையில் அபராதம். நஞ்சோ சுண்ணாம்போ கலந்தாலும் அதே தண்டனை. பொறிகளைத் தடுக்கவும், வலையின் கண்ணுக்கு அளவு சொல்லவும், குறிப்பிட்ட ஒரு நீரில் இரண்டு ஆண்டுக்கு மேற்படாமல் மீன்பிடிப்பையே நிறுத்தி வைக்கவும் மாகாண சர்க்கார்கள் விதி செய்யலாம். விதியை மீறுகிறவன், பெயரும் விலாசமும் சொல்ல மறுத்தால், வாரண்டு இல்லாமலே பிடிக்கலாம். தனியாருக்குச் சொந்தமான நீரானால் சொந்தக்காரர் எழுத்து மூலம் சம்மதித்தால்தான் விதி செல்லும். பெரிய மனிதரின் குளத்துக்குச் சம்மதம் கேட்ட சட்டம், ஏழை வலை வீசிய பொது ஆற்றில் யாரையும் கேட்கவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். இதற்காக வாதாடிய பிரான்சிஸ் டே அப்போது உயிரோடு இல்லை. 1889-லேயே காலமாகிவிட்டார்.

பழைய பாசிப் பாட்டத்தில் இருந்த ஒன்று இந்தச் சட்டத்தில் இல்லை. 'இதைச் செய்யாதே' என்று அது சொல்லிற்று. 'நீ பொறுத்துக்கொண்டால் உன் ஏரிக்கு இது கிடைக்கும்' என்று அது சொல்லவில்லை. தண்டனை உண்டு, பங்கு இல்லை.

இப்போது சோரியாங்குப்பத்துக்குத் திரும்புவோம். கல்கத்தாவில் செய்த சட்டம் தென்கரைக்கு வந்தது. வடகரையில் அதற்கு அதிகாரம் இல்லை. அங்கே பாரிஸிலிருந்து வரும் சட்டமும் புதுச்சேரிக் கவர்னரின் ஆணையும்தான் செல்லும். பாகூர்க் கொம்யூன் ஒரே துண்டான நாடும் அல்ல. புதுச்சேரியின் கிராமங்கள் தென்னாற்காட்டுக் கிராமங்களோடு சதுரங்கக் கட்டங்களைப் போலக் கலந்து கிடந்தன. தண்ணீரும் அப்படியே. சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பிரிகிற பங்காரு வாய்க்கால் தென்பெண்ணையின் நீரைப் பாகூர் ஏரிக்குக் கொண்டு வருகிறது. ஏரி ஒரு ராஜ்யத்தில்; அதன் தாய் ஆற்றின் மேற்பகுதி முழுவதும் வேறு ராஜ்யத்தில்.

ஒரு காட்சியைக் கற்பனை செய்வோம். கதை எழுதுகிறவனுக்கு இந்தச் சுதந்திரமாவது வேண்டாமா? வருஷம் 1900 என்று வைத்துக்கொள்ளுங்கள். தென்கரைக்காரன் ஒருவன் தன் தங்கையை வடகரையில் கொடுத்திருக்கிறான். ஆற்று மணலில் இருவரும் சந்திக்கிறார்கள்.

"மாப்பிள்ளே, எங்க பக்கம் வெடி போட்டா ரெண்டு மாசம் உள்ளே தள்ளிடறானாம். உங்க கரையிலே நின்னு போடேன். மீன் செத்தா ரெண்டு கரைக்குந்தானே மிதந்து வரும்?"

"போடலாம் மச்சான். நாளைக்கு வலையிலே என்ன விழும்? உங்க தங்கச்சி சட்டியைக் கழுவிக் கவுத்துட்டு உங்க வீட்டுக்குத்தான் வந்து நிக்கும்!"

மச்சான் கண்டுபிடித்தது சட்டத்தின் ஓட்டையை. மாப்பிள்ளை கண்டுபிடித்தது அந்த ஓட்டையை அடைக்கிற உபாயத்தை. இரண்டு சர்க்கார்களுக்கும் சேர்த்து அவன் ஒருவனே மீன் இலாகா! ஆனால் எல்லா மாப்பிள்ளைகளும் அவனைப் போல் இருப்பார்கள் என்று நம்பி ஓர் ஆற்றை விட்டுவிட முடியாது என்பதும் உண்மைதான்.

பிரெஞ்சுக்காரர்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர்கள் ஆட்சியில் பாகூர் போன்ற இடங்களில் நீர்ப்பாசனப் பராமரிப்புக்கு உழவர்களைச் சேர்த்து 'சிந்திக்கா அக்ரிக்கோல்' என்ற சங்கமும், 'கேஸ் கொம்யூன்' என்ற பொதுநிதியும் நடந்து வந்தன. பெயர்தான் பிரெஞ்சு. உள்ளே இருந்தது நம் ஏரி வாரியத்தின் ஆத்மா என்றே எனக்குப் படுகிறது. தண்ணீரைப் பயன்படுத்துகிறவனே தண்ணீரைக் காக்க வேண்டும் என்ற அந்தப் பழைய தத்துவம் எந்தப் பாஷையிலும் பேசும் போலிருக்கிறது.

1954 அக்டோபர் 18-ந் தேதி கீழூரில் கூடிய பிரதிநிதிகள் 178 பேரில் 170 பேர் இந்தியாவோடு சேர வாக்களித்தார்கள். நவம்பர் 1-ந் தேதி நிர்வாகம் கை மாறியது. 1962 ஆகஸ்டு 16-ந் தேதி சட்டப்படியும் இணைப்பு முடிந்தது. தென்பெண்ணையின் இரு கரைகளிலும் ஒரே கொடி. மீன் விவகாரமும் ஒன்றாகிவிட்டதா? அதுதான் இல்லை. நம் அரசியல் சாசனத்தின் ஏழாவது அட்டவணையில் மீன்வளம் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. தமிழ்நாட்டுக்கு ஒரு மீன் இலாகா. புதுச்சேரிக்கு ஒரு மீன் இலாகா. கொடி ஒன்றாயிற்று, கோப்பு இரண்டாகவே இருக்கிறது.

இதன் விளைவை வில்லியனூர்ப் பக்கத்து ஊசுட்டேரியில் கண்கூடாகக் காணலாம். அந்தப் பெரிய ஏரியின் நீர்ப்பரப்பிலேயே மாநில எல்லை ஓடுகிறது. புதுச்சேரி 2008-ல் தன் பகுதியைப் பறவைச் சரணாலயமாக்கியது. தமிழ்நாடு தன் பகுதிக்கு அந்த அந்தஸ்தைச் சில ஆண்டுகள் கழித்தே கொடுத்தது. இடைக்காலத்தில் நாரைக்கு ஒரே ஏரி, சட்டத்துக்கு இரண்டு ஏரி! மீனைக் கொத்த வந்த நாரை எந்தப் பக்கத்து மீனைக் கொத்தினால் பாதுகாப்பு என்று யாரைப் போய்க் கேட்கும்?

ஆறும் தன் பங்குக்கு நமக்குப் பாடம் சொல்லாமல் இல்லை. 1958-ல் முடிந்த சாத்தனூர் அணை தென்பெண்ணையின் குறுக்கே நிற்கிறது. 2024 நவம்பர் இறுதியில் வந்த ஃபெஞ்சல் புயலின் பெருமழையால், டிசம்பர் 2-ந் தேதி அந்த அணையிலிருந்து வினாடிக்கு 1,60,000 கன அடிக்கு மேல் திறந்துவிட்டார்கள். கடலூர்ப் பக்கத்து ஊர்களிலும் பாகூர்ப் பக்கத்து ஊர்களிலும் வெள்ளம் புகுந்தது. எந்தக் கரை எந்தச் சர்க்காரைச் சேர்ந்தது என்று அது விசாரித்துக்கொண்டு வரவில்லை. வெள்ளத்தில் ஒன்றாக நனைகிற இரு கரைகளும் மீன் விஷயத்திலும் ஒன்றாக யோசிப்பதில் தவறென்ன?

முடியாத காரியம் என்று யாரும் சொல்ல வேண்டாம். கடலில் நாம் அதைச் செய்து காட்டியிருக்கிறோம். 1983-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம் கரையிலிருந்து மூன்று கடல் மைல் வரையில் நாட்டுப் படகுக்காரருக்கு என்று ஒதுக்கி, விசைப்படகுகளை அதற்கு அப்பால் போகச் சொன்னது. பெரிய வலை சின்ன வலையை விழுங்காதிருக்கப் போட்ட வேலி அது. 2001-ல் தொடங்கிய வருடாந்தரத் தடைக்காலம் முதலில் நாற்பத்தைந்து நாளாக இருந்து, 2017 முதல் ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 வரையில் அறுபத்தொரு நாளாயிற்று. சென்னை, கடலூர், புதுச்சேரி, காரைக்கால், நாகப்பட்டினம் என்று கிழக்குக் கரை முழுவதும் விசைப்படகுகள் அந்த நாட்களில் கடலுக்குப் போவதில்லை. மாநில எல்லை அங்கே குறுக்கிடவில்லை. வலையைச் சுருட்டி வைத்த குடும்பத்துக்கு சர்க்கார் நிவாரணத் தொகையும் கொடுக்கிறது. தொகை போதுமா என்று மீனவர்கள் கேட்கிறார்கள், கேட்க வேண்டியதுதான். ஆனால் 'பொறுத்துக்கொள்' என்று சொல்லும்போது கையில் ஏதாவது கொடுத்துவிட்டுச் சொல்ல வேண்டும் என்ற நியாயமாவது ஏற்றுக்கொள்ளப்பட்டிருக்கிறது. 1897-ஆம் ஆண்டுச் சட்டத்தில் நாம் காணாத நியாயம் அது.

புதுச்சேரிப் பகுதியிலும் ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு 1999-ல் தொடங்கிய ஏரிச் சீரமைப்புத் திட்டத்தில் 84 ஏரிகளை எடுத்துக்கொண்டு, ஏரியைப் பயன்படுத்துகிறவர்களைக் கொண்டே சங்கங்கள் அமைத்தார்கள். வாரியம், சிந்திக்கா, சங்கம் என்று பெயர் மூன்று தடவை மாறியும் வேலை ஒன்றுதான்.

ஆகவே சரித்திரத்திலிருந்து நான் தெரிந்துகொள்வது இது. மீனுக்குக் காப்பு வேண்டும். அதில் அசோகரிலிருந்து டே வரையில் அபிப்பிராய பேதம் இல்லை. காப்பு எங்கே நிலைத்தது என்று பார்த்தால், காத்தவனுக்குப் பங்கு கிடைத்த இடத்தில் நிலைத்தது. துண்டு வீசும் வரையில் காத்திருந்தவனுக்கு மீன் கிடைத்தது. பாட்டம் கட்டிய ஊருக்கு ஆழமான ஏரி கிடைத்தது. வெறும் அபராதச் சீட்டு கிடைத்த இடங்களில், சேவகன் போன மறுநிமிஷம் வலை மறுபடியும் தண்ணீரில் இறங்கிற்று.

உல்லம் மீன் கொள்ளிடத்தில் ஏறுவதைக் காப்பாற்ற நம்மால் முடியவில்லை. அணைகளில் வழி வைத்துப் பார்த்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முட்டையைச் செயற்கையாகப் பொரிக்கவும் முயன்றார்கள். 1934-ல் மேட்டூர் அணை வந்த பிறகு காவிரியில் உல்லத்தின் வாழ்வு தேய்ந்து போயிற்று. காட்டன் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல நாம் எடுத்துக்கொண்ட காலத்தில் கேள்விக்குரிய மீனே போய்விட்டது. தென்பெண்ணையில் இன்னும் கெண்டையும் கெளுத்தியும் விராலும் இருக்கின்றன. சோரியாங்குப்பத்துக் கரையில் வலை வீசுகிறவர்களும் இருக்கிறார்கள். அக்கரையில் வீசுகிறவர்கள் அவர்களுக்கு மச்சானோ மாமனோ ஆக வேண்டும். இரண்டு இலாகாக்களும் ஒரு நாள் அந்த மணலில் உட்கார்ந்து, இரு கரை வலைக்காரர்களையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, விலக்குக் காலம் எது, மடு எது, பங்கு எவ்வளவு என்று பேசித் தீர்மானித்தால், பிறகு காவலுக்குச் சேவகனைத் தேட வேண்டியிராது.